ஸோ, பட், அதர்வைஸ் - மயிலாப்பூர் வழியா ஒரு சின்ன சரித்திரம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. "ஐயோ தமிழ்ல இங்கிலீஷ் கலக்குதே"ன்னு புலம்பற கட்டுரை இல்லை. அதுக்கு நிறைய பேர் இருக்காங்க, நல்லாவே புலம்பறாங்க. நான் கேட்க நினைக்கிறது வேற. எந்த இங்கிலீஷ் சொல் உள்ளே வருது, எது வரலை, ஏன்?

பஸ், டிக்கெட், பேங்க், ஃபேன் இதெல்லாம் வந்ததுக்குக் காரணம் தேட வேண்டாம். பொருள் வந்தது, கூடவே பேரும் வந்தது. ஆனா லஸ் கார்னர்ல நின்னு காது கொடுத்துக் கேளுங்க. "மாமி கச்சேரிக்கு வரலையாம், ஸோ ஒரு டிக்கெட் மிச்சம்." தி. நகர் பாண்டி பஜார்ல: "கலர் நல்லாத்தான் இருக்கு, பட் சாயம் போகுமா?" அடையாறு பக்கம் ஏதாவது ஒரு கவுண்டர்ல: "நாளைக்குள்ள கட்டிடுங்க சார், அதர்வைஸ் ஃபைன் வரும்."

அதனால, ஆனா, இல்லேன்னா. மூணுக்கும் தமிழ்ல சொல் இருக்கு, தினம் புழங்கற சொல்தான். பொருள் எதுவும் கப்பல்ல வந்து இறங்கலை. அப்ப இந்த மூணும் எப்படி உள்ளே வந்தது?

தமிழ் இதை முன்னாடி எப்படிச் சொல்லிட்டு இருந்ததுன்னு முதல்ல பார்க்கலாம்.

தொல்காப்பியர் சொல்லை நாலாப் பிரிக்கிறார்: பெயர், வினை, இடை, உரி. இதுல இடைச்சொல் தனியா நிக்காது, பெயரையோ வினையையோ சார்ந்துதான் வேலை செய்யும். இடையியல்னு அதுக்குத் தனியா ஒரு இயலே எழுதியிருக்கார். அதுல எனக்குப் பிடிச்சது "கொன்" என்கிற குட்டிச் சொல். அதுக்கு நாலு பொருள் சொல்றார்: அச்சம், பயனின்மை, காலம், பெருமை. பயத்தைக் காட்டறதுக்குன்னே ஒரு இடைச்சொல் இருந்திருக்கு பாருங்க. பேச்சுல அது செத்துப் பல நூற்றாண்டு ஆச்சு.

இப்ப நாம இணைப்புச் சொல்னு நினைக்கிறதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. "ஏன்னா" = ஏன் + என்றால். "இல்லேன்னா" = இல்லை + என்றால். "ஆனா" = ஆனால், அதாவது "ஆகு"ங்கிற வினையோட நிபந்தனை வடிவம். "அப்படி ஆனால்"ங்கிறதுதான் தேய்ஞ்சு இன்னைக்கு எதிர்ப்பைக் காட்டற சொல்லா நிக்குது. "ஆகவே", "ஆதலால்", "எனவே" எல்லாமே இதே குடும்பம். ஆகு, என், இல். இந்த மூணு வேர்லேர்ந்துதான் தமிழோட பெரும்பாலான இணைப்புச் சொல்லும் வந்திருக்கு. வினை எங்கே முடியுதோ அங்கேயே கொக்கியை மாட்டி அடுத்த வாக்கியத்தைக் கோக்கறதுதான் நம்ம வழக்கம்.

எச்சரிக்கைக்குப் பல சமயம் கொக்கி கூட வேண்டாம். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்." இதுல "இஃப்"பும் இல்லை, "தென்"னும் இல்லை. தின்னவன் - அந்த ஒரு சொல்லுக்குள்ள செயலும் ஆளும் நிபந்தனையும் அடங்கிடுச்சு. டாஸ்மாக் வாசல் வரைக்கும் போயிட்ட "குடி குடியைக் கெடுக்கும்" இன்னும் சிக்கனம், மொத்தமே மூணு சொல்.

கோயில் கல்வெட்டுல கடைசியில ஒரு எச்சரிக்கை வரும். கல்வெட்டு ஆய்வாளர்கள் அதை ஓம்படைக்கிளவின்னு சொல்றாங்க. நிலமோ விளக்கோ கொடுத்த கணக்கெல்லாம் முடிஞ்சதும், இந்த தர்மத்துக்குக் கெடுதல் செய்தவன் கங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ற பாவத்துல போவான்ங்கிற மாதிரி முடியும். சில இடத்துல நல்லபடியாவும் வரும்: இதைக் காப்பாத்தினவங்க பாதம் என் தலைமேல்னு தானம் கொடுத்த ராஜாவே சொல்லுவார். "செய்தவன்", "காத்தவர்", அவ்வளவுதான். நீதிமன்றம் எத்தனை நாள் நிக்கும், வாரிசு இருப்பாங்களான்னு தெரியாத காலத்துல, பல நூறு வருஷம் தாங்கணும்னு வெட்டின எச்சரிக்கை அது. அதுக்கும் தனியா ஒரு இணைப்புச் சொல் தேவைப்படலை.

வீட்டுப் பேச்சுல இன்னொரு நுணுக்கம். மாடிப்படியில ஓடற குழந்தையைப் பார்த்து அம்மா என்ன சொல்லுவாங்க? "பார்த்து... விழுந்துடப் போறே!" இங்கிலீஷ்ல இதுக்கு "லெஸ்ட்"னு ஒரு சொல் உண்டு, இப்ப அங்கேயே புத்தகத்துக்குள்ள போய் உக்காந்துடுச்சு. நம்ம "-டப் போறே" இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. மிரட்டல்னா "அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது", "மரியாதையா வந்துடு", "சொல்லிட்டேன் ஆமாம்". மரியாதைங்கிற சொல்லே மிரட்டலா மாறினது நம்ம ஊர்லதான் நடக்கும் :-)

*

சரி, வெளியேர்ந்து எப்ப வர ஆரம்பிச்சது? இங்கிலீஷ்காரனுக்கு ரொம்ப முன்னாடியே.

"ஜாக்கிரதை"யை எடுத்துக்குங்க. மயிலாப்பூர்ல பழைய வீட்டு கேட்டுல "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு இன்னும் கண்ணுல படும். சம்ஸ்கிருதத்துல அது விழிச்சிருக்கறது. "உஷார்" பாரசீகத்து "ஹோஷியார்", நினைவோட இருக்கறவன்னு பொருள். "எச்சரிக்கை"க்கு தெலுங்குல எச்சரிக, கன்னடத்துல எச்சரிகென்னு உறவுக்காரங்க இருக்காங்க. கன்னடத்துல "எச்சர"ன்னா விழிப்பு. மூணு சொல் மூணு திசையிலேர்ந்து வந்தாலும் சொல்றது ஒண்ணுதான்: தூங்காதே. தூங்கினா என்ன ஆகும்னு மூணுமே சொல்றது இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

விளைவைச் சொல்ற சொற்கள் கச்சேரி வழியா வந்தது. (பாட்டுக் கச்சேரி இல்லை, தாலுகா கச்சேரி.) தாக்கீது, ஜப்தி, ஜாமீன் எல்லாம் நவாப் காலத்து நிர்வாகத்தோட வந்த அரபி, பாரசீகச் சொற்கள். கட்டலைன்னா என்ன ஆகும்ங்கிற கேள்விக்கு "ஜப்தி"ங்கிறதே முழு பதில். கூடவே சம்ஸ்கிருதத்து "பக்ஷம்" வந்து "தவறும் பட்சத்தில்" ஆச்சு. வக்கீல் நோட்டீஸ் வாங்கின பாக்கியசாலிகளுக்கு இந்த நடை மனப்பாடமா இருக்கும்: இத்தனை நாளைக்குள் செலுத்த வேண்டியது, தவறும் பட்சத்தில் சட்டப்படி நடவடிக்கை, அதனால் ஏற்படும் செலவு நஷ்டங்களுக்கும் தாங்களே பொறுப்பு. இங்கிலீஷ் "ஃபெயிலிங் விச்"சை அப்படியே தமிழ்ல தைச்ச சட்டை அது. தையல் நல்லா உக்காந்ததால யாருக்கும் வித்தியாசம் தெரியலை.

1812-ல எல்லிஸ் முயற்சியில செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆரம்பிச்சாங்க. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடுக்குப் பேர் வந்ததே அதனாலதான். கம்பெனிக்கு வேலை பார்க்க வந்த இளம் வெள்ளைக்காரங்களுக்கு தமிழ், தெலுங்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கற இடம். அதாவது அப்ப அவங்க நம்ம மொழிக்கு வந்தாங்க. 1857-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி, 1862-ல ஹைகோர்ட். அதுக்கப்புறம் நாம அவங்க மொழிக்குப் போனோம்.

இங்கேதான் மயிலாப்பூர் வருது. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில லஸ் பக்கத்து பங்களாக்கள்ல பெரிய பெரிய வக்கீல்கள் குடியிருந்தாங்க. வி. பாஷ்யம் ஐயங்கார், எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர்னு வரிசை. அரசியல்ல "மயிலாப்பூர் கோஷ்டி"ன்னு ஒரு பேரே விழுந்தது, எதிர்ல எழும்பூர் கோஷ்டி. 1891-ல மெட்ராஸ் லா ஜர்னல் ஆரம்பிச்சதும் இந்த வட்டாரம்தான்.

வக்கீலோட தொழில் என்ன? "இது இப்படி இருப்பதால் அது அப்படி", "இந்த நிபந்தனைக்கு உட்பட்டு", "அது எப்படி இருந்தாலும்". 1872 காண்ட்ராக்ட் சட்டமும் 1882 சொத்து மாற்றுச் சட்டமும் மேலோட்டமாப் புரட்டினாலே தெரியும். பெயர்ச்சொல் கொஞ்சம்தான், "ப்ரொவைடட் தட்", "அன்லெஸ்", "நாட்வித்ஸ்டாண்டிங்" எல்லாம் ஏராளம். சட்டமே இணைப்புச் சொல்மேல கட்டின வீடு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதுல வாதாடிட்டு வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்தா, வெத்தலைக்கும் காப்பிக்கும் தமிழ் வந்திருக்கும். ஆனா வாதத்தோட மூட்டு இங்கிலீஷ்லதான் மடங்கியிருக்கும். இது என் ஊகம்தான். ஆனா இன்னைக்கும் படிச்சவங்க சண்டை போடறதைக் கவனிச்சா எனக்கு அது உறுதிப்படுது. தமிழ்ல ஆரம்பிக்கற சண்டை "பட்"டுல திரும்பி "தேர்ஃபோர்"ல முடியும்.

1916-ல மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தை ஆரம்பிச்சார். அதோட சாதனை சின்னது இல்லை. அக்கிராசனர் போய் தலைவர் வந்தார், அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார், பிரசங்கம் சொற்பொழிவு ஆச்சு. ஆனா கவனிச்சீங்களா, எல்லாமே பெயர்ச்சொல். வாசல்ல காவல் நின்னவங்க பெரிய பெட்டியைத்தான் திறந்து பார்த்தாங்க. சட்டைப் பையில வந்த ஸோவையும் பட்டையும் யாரும் சோதிக்கலை. எழுத்துல வந்திருந்தா பிடிச்சிருப்பாங்க, இதுங்க பேச்சுல மட்டும்தான் வந்தது. இன்னைக்கும் "ஸோ"ன்னு எழுதற பத்திரிகையாளர் குறைவு, ஆனா பேட்டி கொடுக்கறப்ப அதே ஆளு பத்து "ஸோ" போடுவார்.

அப்புறம் சபா நாடகங்கள். அங்கே வக்கீல் மாமாவும் ஆபீஸ் மேனேஜரும் பேசற மொழி சிரிப்புக்கு மட்டும் இல்லாம பழக்கத்துக்கும் வந்தது. 1993 ஏப்ரல்ல சன் டிவி வந்து, நேயர்கிட்ட போன்ல பேசற நிகழ்ச்சிகள் வந்தப்புறம் "ஸோ" மதுரைக்கும் நெல்லைக்கும் போச்சு. 2000-ல தரமணியில டைடல் பார்க் திறந்தாங்க, அடையாறு ஓரத்துக்கு சாஃப்ட்வேர் வந்தது. மயிலாப்பூர் திண்ணையிலேர்ந்து கிளம்பினது ஷேர் ஆட்டோ வரைக்கும் வந்து சேர நூறு வருஷம் எடுத்துக்கிச்சு.

*

இது நமக்கு மட்டும் நடந்ததா? இல்லவே இல்லை.

ஹிந்தியில "ஆனா"வுக்கு "லேகின்". அது அரபி, பாரசீகம் வழியா வந்தது. "மகர்" பாரசீகம். "அகர்" (அப்படின்னா, -ஆல்) பாரசீகம். "தாகி" (அதுக்காக) பாரசீகம். எல்லாத்துக்கும் மேல "வர்னா", "இல்லேன்னா பாரு"ன்னு மிரட்டறதுக்கு வடக்கத்திப் படங்கள்ல வில்லன் சொல்ற அந்தச் சொல், அதுவும் பாரசீகம். ஆள்றவங்க மொழியிலேர்ந்து மிரட்டற சொல்லையே கடன் வாங்கி, இன்னைக்கு அதை அன்னியம்னு யாரும் நினைக்கறது இல்லை. பிலிப்பைன்ஸ்ல தகலோக் மொழியில "ஆனா"வுக்கு "பெரோ", ஸ்பானிஷ். ஆப்பிரிக்கா சுவாஹிலியில "லாகினி", அரபி.

யாரோன் மாத்ராஸ்னு ஒரு மொழியியலாளர். (பேரு மாத்ராஸ்தான், மெட்ராஸ் இல்லை!) 1998-ல அவர் எழுதின ஒரு கட்டுரையில பல மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வரிசை சொன்னார். மொழிகள் இணைப்புச் சொல் கடன் வாங்கறப்ப முதல்ல "ஆனால்" வரும், அடுத்து "அல்லது", கடைசியிலதான் "-உம்" வரும். காரணம் என்னன்னா, கேக்கறவர் எதிர்பார்க்கறதுக்கு மாறா ஒண்ணு சொல்லப் போற இடத்துலதான் பேசறவருக்கு மனசுல பாரம் அதிகம். அந்த நேரத்துல எந்த மொழிக்கு செல்வாக்கோ அது நாக்குல முந்திக்கும்.

நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க. "பட்" எங்கேயும் கேக்குது. "ராமனும் அண்ட் கிருஷ்ணனும்"னு யாரும் சொல்றது இல்லை. "-உம்" பத்திரமா இருக்கு.

இன்னொரு விஷயம் நானே கவனிச்சது. ஸோ, பட், பிகாஸ், அதர்வைஸ் எல்லாம் சுலபமா வந்துடுச்சு. "இஃப்" வரலை. "இஃப் நீ வந்தா"ன்னு யார் பேசிக் கேட்டிருக்கீங்க? "ஆல்தோ"வும் வரலை. ஏன்னா முதல் கூட்டம் ரெண்டு முழு வாக்கியத்துக்கு நடுவுல நிக்கற ஆளுங்க. தமிழ்லயும் "அதனால", "ஆனா", "ஏன்னா", "இல்லேன்னா" அதே இடத்துல நிக்குது. நாற்காலி காலியா இருந்தது, ஆளை மாத்தி உக்கார வெச்சாச்சு. ஆனா நிபந்தனை தமிழ்ல வினையோட வாலுல இருக்கு: வந்-தா, வரலேன்-னா, வந்-தாலும். இங்கிலீஷ்ல அது வாக்கியத்தோட தலையில இருக்கு. வாலைக் கழட்டித் தலையில மாட்ட முடியாது.

இதுல தப்பிச்சு உள்ளே வர்ற ஒரு ஆசாமி உண்டு: "அன்லெஸ்". அதிகம் இல்லை, படிச்சவங்க பேச்சுல அப்பப்ப. வாலோட சண்டை போட்டுக்கிட்டே வரும். அவரைப் பத்தித்தான் அடுத்து.

*

எங்க பெரியம்மாவுக்கு 78 வயசு. மந்தைவெளியில தனியா இருக்காங்க, சர்க்கரை வியாதிக்கு மாத்திரை. ஒரு ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்) புது டாக்டர், நல்ல மனுஷர், பொறுமையாத்தான் பேசினார். சொன்னது இது: "காலைல இந்த மாத்திரையைக் கட்டாயம் போடணும்மா, அன்லெஸ் நீங்க சாப்பிடாம இருக்கீங்க."

பெரியம்மா ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணி குடிக்காதவங்க. மாத்திரையை மட்டும் கட்டாயம் போட்டாங்க. பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறி, பக்கத்து வீட்டு அக்கா பார்த்துட்டு சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் கொடுத்ததுல பிழைச்சாங்க.

அப்புறமா கேட்டேன். "டாக்டர் சொன்னாரே பெரியம்மா, சாப்பிடலைன்னா போடாதீங்கன்னு?" அவங்க சொன்ன பதில்: "கட்டாயம்னு சொன்னது கேட்டுது. நடுவுல அன்லஸ்ஸுன்னு ஏதோ சொன்னார், மாத்திரை பேராக்கும்னு இருந்துட்டேன்."

அந்த வாக்கியத்துல மத்த எல்லாம் தமிழ். மாத்திரை, கட்டாயம், சாப்பிடாம, எல்லாமே பெரியம்மாவுக்குத் தெரிஞ்ச சொல். தெரியாதது ஒண்ணே ஒண்ணு. ஆனா உயிர் அந்த ஒண்ணுலதான் இருந்தது. ஒரு பெயர்ச்சொல் புரியலைன்னா "அது என்ன?"ன்னு கேட்போம். இணைப்புச் சொல் புரியலைன்னா கேக்கவே தோணாது, தாண்டிப் போயிடுவோம். முன்னாடி ஒண்ணு புரிஞ்சது, பின்னாடி ஒண்ணு புரிஞ்சது, ரெண்டுக்கும் நடுவுல பாலம் இல்லைன்னு நமக்குத் தெரியவே தெரியாது.

*

ஒரு ஊருக்கே இது நடக்குமா? இங்கே கதை கொஞ்சம் திரும்புது. ஊருக்குச் சொல்ற எச்சரிக்கையில பிரச்சினை இங்கிலீஷ் சொல் இல்லை. அந்த இடத்துல எந்தச் சொல்லுமே இல்லாததுதான் பிரச்சினை.

1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வரப்போறான்னு பயம் வந்தப்ப, அத்தியாவசிய வேலை இல்லாதவங்க மெட்ராஸை விட்டுப் போகலாம்னு அரசாங்கமே அறிவிச்சது. போகலைன்னா என்ன ஆகும்? அதை ஊர் ஜனங்களே நிரப்பிக்கிட்டாங்க. 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி எம்டன் குண்டு போட்டது பெரியவங்களுக்கு நேத்து மாதிரி இருந்தது. மயிலாப்பூர்ல, தி. நகர்ல வீட்டைப் பூட்டிட்டு கும்பகோணம், மாயவரம்னு ரயில் ஏறினாங்க. விளைவை அரசாங்கம் சொல்லலை, அனுபவம் சொல்லிச்சு.

2004 டிசம்பர் 26-ம் தேதி பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துலயும் பெசன்ட் நகர் குப்பத்துலயும் எச்சரிக்கையே இல்லை, அனுபவமும் இல்லை. சுனாமிங்கிற சொல்லே நம்ம பேச்சுல அன்னைக்குத்தான் நுழைஞ்சது. இந்தியாவுக்குன்னு சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்ல 2007-ல வந்தது.

2015 டிசம்பர் 1. இந்தத் தடவை அறிவிப்பு இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்து விட்ட தண்ணி அன்னைக்கு சாயங்காலத்துக்கு மேல நொடிக்கு 29,000 கன அடி அளவுக்குப் போச்சு. கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல்னு அடையாறு ஓரம் பூரா வீடுகள் முழுகிச்சு. சைதாப்பேட்டை பாலத்துல போக்குவரத்தை நிறுத்தினாங்க. அந்தப் பாலத்தோட பேர் என்ன தெரியுமா? மறைமலையடிகள் பாலம்.

நம்ம ஊர்ல வழக்கமா வர்ற வெள்ள எச்சரிக்கையோட நடையை நினைச்சுப் பாருங்க. தாழ்வான பகுதியில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சுத்தமான தமிழ், ஒரு இங்கிலீஷ் சொல் கிடையாது. ஆனா எது தாழ்வு? போகலைன்னா என்ன ஆகும்? எத்தனை மணிக்குள்ள? கோட்டூர்புரத்துல முதல் மாடியில இருக்கறவர் தன் வீடு தாழ்வான பகுதின்னு ஏன் நினைக்கணும்? நொடிக்கு இத்தனை கன அடின்னா அது தன் வீட்டு மாடிப்படியில எத்தனாவது படின்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஏரியை எப்ப, எப்படித் திறந்தாங்க, யார் மேல தப்புங்கறது பெரிய விவாதம். அதைக் கணக்குத் தணிக்கை அறிக்கை வரைக்கும் அலசிட்டாங்க, நான் அதுக்குள்ள போகலை. என் அக்கறை அந்த வாக்கியத்துல காணாமப் போன ஒரு சொல் பத்தி மட்டும்தான்: "இல்லேன்னா".

துறைமுகத்துல ஏத்தற புயல் கூண்டும் இதே ஜாதி. 3-ம் எண் கூண்டுன்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல போடுவான். அது கப்பல்காரனுக்கு உண்டான பாஷை. நமக்கு அது வெறும் நம்பர். 2018 அக்டோபர்ல "ரெட் அலர்ட்"னு ஒரு செய்தி வந்து சென்னையே பாலும் ரொட்டியும் வாங்கிக் குவிச்சுது ஞாபகம் இருக்கா? கலர் தெரிஞ்சுது, விளைவு தெரியலை. அதனால ஆளுக்கு ஒண்ணு கற்பனை பண்ணிக்கிட்டாங்க. ஜாக்கிரதை, உஷார், எச்சரிக்கைன்னு மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதேதான். தூங்காதேன்னு சொல்றோம், ஏன்னு சொல்றது இல்லை.

இது உலகம் பூரா இருக்கற வியாதிதான் போல. உலக வானிலை அமைப்பு 2015-லயே இதுக்குன்னு வழிகாட்டி ஒண்ணு போட்டது. அதோட சாரம் ஒரே வரி: வானிலை எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லாதே, அது என்ன செய்யும்னு சொல்லு. அப்புறம் நம்ம வானிலைத் துறையும் விளைவைச் சேர்த்துச் சொல்ற பக்கம் நகர்ந்துக்கிட்டு இருக்கு. நம்ம மின்சார வாரியம் இதை என்னைக்கோ கத்துக்கிச்சு. கெடு தேதிக்குள் கட்டத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். யாருக்காவது இதுல சந்தேகம் வந்திருக்கா? :-) காசு வசூல் பண்றப்ப "தவறினால்" தானா வந்து உக்காருது, உயிரைக் காப்பாத்தறப்பதான் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" வந்து நிக்குது.

*

அப்ப "அதர்வைஸ்"ஸை என்ன பண்றது? விரட்டணுமா? என்னைக் கேட்டா, வேண்டாம். அதுக்கும் ஒரு வேலை இருக்கு. கவுண்டர்ல உக்காந்திருக்கற பொண்ணு "இல்லேன்னா ஃபைன் வரும்"னு சொன்னா அவளே மிரட்டற மாதிரி இருக்கும். "அதர்வைஸ்"னு சொன்னா ஆபீஸ் சொல்லுது, அவ வெறும் தூதுவர். மெத்தை வெச்ச மிரட்டல். "மேனேஜர் இன்னிக்கு லீவு, ஸோ..."ன்னு பாதியில விட்டா, நாளைக்கு வாங்கன்னு அவர் வாயால சொல்லாமலே நாம கிளம்பிடுவோம். "அதனால..."ன்னு அப்படி இழுக்க முடியாது, அது விளைவைக் கேட்டு நிக்கும். தமிழ்க் கொக்கி பிடிச்சா விடாது. இங்கிலீஷ் கொக்கி வழவழ. ரெண்டு பேருக்கும் அந்த மொழி தெரிஞ்ச வரைக்கும் அது நாசூக்கு, ஒருத்தருக்குத் தெரியலைன்னா ஆபத்து.

ஸோ (ஹிஹி), நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். மாத்திரை, கேஸ் அடுப்பு, கரண்ட், வெள்ளம், ஏடிஎம் பின் நம்பர் - இது மாதிரி இடத்துல வயசானவங்ககிட்டயோ வேலைக்கு வர்ற அக்காகிட்டயோ பேசறப்ப, பெயர்ச்சொல் எந்த மொழியில இருந்தாலும் பரவாயில்லை. "டேப்லட்"னே சொல்லுங்க, புரியும். மூட்டை மட்டும் தமிழ்ல வையுங்க. நிபந்தனையை முன்னாடி சொல்லுங்க, நம்ம மொழி அதுக்குத்தான் வசதியா வாலைக் கொடுத்திருக்கு. "சாப்பிடலைன்னா போடாதீங்க. போட்டா மயக்கம் வந்துடும்." முடிஞ்சது. பெரியம்மா மாத்திரை டப்பா மேல இப்ப இதைத்தான் ஸ்கெட்ச் பேனாவால பெருசா எழுதி ஒட்டியிருக்கு.

"ஆக்சுவலி", "பேசிக்கலி"ன்னு ரெண்டு பேர் இன்னும் பாக்கி இருக்காங்க. அவங்க எதையும் இணைக்கறது இல்லை, சும்மா வாசல்ல நின்னு வணக்கம் சொல்றாங்க. அவங்க சரித்திரத்தை இன்னொரு நாள் பார்க்கலாம்.